ஓட இடமில்லாத தீவு

வண்டியை எடுப்பதற்கு முன்னால் ரத்தினசாமி முதலில் பார்ப்பது பிரேக்கை அல்ல, கதவை. டிரைவர் சீட்டுக்கு வலப்பக்கம் இருக்கிற சின்னக் கதவு. திறக்கிறார், சாத்துகிறார், மறுபடி திறந்து ஒரு காலைப் படியில் இறக்கி எடுக்கிறார். கீல் கொஞ்சம் முனகினால் சீட்டுக்கடியிலிருந்து தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு விடுகிறார். அப்புறம்தான் பிரேக், ஹாரன், கண்ணாடிக்கு மேலே இருக்கும் முருகனுக்கு ஒரு கும்பிடு. பிரேக் பிடிக்காத பஸ்ஸைக்கூட அவர் எப்படியாவது ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். கதவு திறக்காத பஸ்ஸில் ஏறவே மாட்டார்.

அது பொள்ளாச்சிக்குப் போகிற தனியார் பஸ். எனக்குக் கொழிஞ்சாம்பாறை கிருஷி பவனில், அதாவது கேரளத்து வேளாண்மை அலுவலகத்தில், குமாஸ்தா வேலை; வீடு பொள்ளாச்சியில். பல வருடங்களாக டிரைவருக்குப் பின்சீட்டில் எஞ்சின் சூட்டில் வெந்தபடி போய்வருகிறேன். ரத்தினசாமியின் பிடரியை அவர் மனைவியைவிட நான்தான் அதிகம் பார்த்திருப்பேன். ஒல்லி ஆள். நாற்பதை நெருங்குகிறார். வாய் ஓயாது, ஆனால் கண் ரோட்டைவிட்டு நகராது. நல்ல டிரைவர் என்று யாராவது பாராட்டினால் முகம் சுருங்கிவிடும். "கண்ணு வெக்காதீங்க. இன்னிக்கு வரைக்கும்னு சேத்துச் சொல்லுங்க" என்பார்.

பயந்த ஆள். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம், அவரே மறைப்பதில்லை. டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் குடிப்பார், முகம் ரோட்டைப் பார்த்திருக்கும். கல்யாண வீட்டில் வாசலுக்குப் பக்கத்து இலை. ஒரு கிரகப்பிரவேசத்தில் அவரை வற்புறுத்திப் பந்திக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டோம். பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டார். "செருப்பு எங்க கெடக்குதுன்னு தெரியாம சோறு எறங்க மாட்டீங்குதுங்க" என்றார்.

இந்தப் பயத்துக்கு ஒரு மூலம் உண்டு. மீசை முளைக்கிற வயதில் லாரியில் கிளீனராகப் போனவர் அவர். வடக்கே எங்கோ ஒரு ஊரில், குறுக்கே ஓடிவந்த சிறுவன்மேல் லாரி மோதிவிட்டது. டிரைவர் நல்ல மனிதர். இறங்கி ஓடி, சிறுவனை மடியில் போட்டுக்கொண்டு தண்ணீர் கேட்டார். தண்ணீர் வரவில்லை, ஊரே வந்தது. ரத்தினசாமி சோளக்காட்டுக்குள் குப்புறப் படுத்து எல்லாவற்றையும் பார்த்தார். அந்த டிரைவருக்கு உயிர் தங்கியது, ஒரு காது கேட்காமல் போயிற்று. "நின்னவன் அடி வாங்குவான், ஓடுனவன் கேசு வாங்குவான். கேசு ஆறீரும். அடி ஆறாதுங்க." இருபது வருடமாக அவர் ஓட்டுவது இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான்.

ஓடுவதற்கு எங்கள் பக்கத்தைவிட வசதியான இடமும் கிடையாது. ஒரு தென்னந்தோப்பு கேரளம், வரப்பைத் தாண்டினால் அடுத்த தோப்பு தமிழ்நாடு. வடகரப்பதிப் பக்கம் சிலருக்கு வீடு இங்கே, மாட்டுக்கொட்டகை அங்கே. ரோட்டில் ஏதாவது ஆகிவிட்டால் காக்கிச் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு மறுபக்கம் போய்விடுவது இங்கே டிரைவர்களிடம் எழுதப்படாத வழக்கம். சட்டை இல்லாவிட்டால் யார் டிரைவர், யார் பிரயாணி என்று எவருக்குத் தெரியும்? கூட்டம் கலைந்து, சூடு ஆறி, முதலாளி வக்கீலைப் பிடித்த பிறகு ஸ்டேஷனில் போய் நின்றால் போதும். சில முதலாளிகள் அதற்கும் வேறொரு ஆளை அனுப்பி, நான்தான் ஓட்டினேன் என்று சொல்லவைத்துவிடுவார்கள். ரத்தினசாமிக்கு எங்கள் வழித்தடத்தில் எந்தச் சந்து எந்த வாய்க்கால் மேட்டில் போய் ஏறும், எந்தத் தோப்பில் நாய் கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அத்துபடி.

இத்தனைக்கும் அவர் ஓடியது ஒரே ஒரு தடவை. அன்று நானும் வண்டியில் இருந்தேன். ரோட்டோரம் வந்த ஓர் ஆடு பஸ்ஸைப் பார்த்து மிரண்டு பள்ளத்தில் விழுந்தது. பிறகு எழுந்து, உடம்பைச் சிலுப்பிக்கொண்டு மேயப் போய்விட்டது. டிரைவரைத்தான் காணோம். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் மச்சினன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு மூன்று நாள் வரவில்லை. கடைசியில் எங்கள் கண்டக்டர் கந்தப்பன் போய், "ஆடு நல்லாருக்குது, வா சாமி" என்று சமாதானம் சொல்லி அழைத்துவந்தார். கந்தப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், வாய்க்கொழுப்புக்காரர். அதற்கப்புறம் பல நாள் டிக்கெட் கிழிக்கும்போது மெதுவாக "மே" என்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் மால்டாவில் பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. மத்தியதரைக் கடலில் இருக்கிற சின்னத் தீவு அது. அங்கே ஓட்டுநர்களுக்குப் பஞ்சம். நம்மைப் போலவே ரோட்டின் இடப்பக்கம் வண்டி ஓடுகிற நாடு என்பதால் நம்மூர் ஆட்களுக்குப் பழகுவது சுலபமாம். எங்கள் முதலாளி மூன்று பஸ்ஸில் இரண்டை விற்றுவிட்டார், இதையும் வருடக் கடைசியில் நிறுத்தப்போகிறார். ரத்தினசாமிக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாது. அவர் மனைவி சிவசங்கரி செல்போனில் அந்த அறிவிப்பைப் பார்த்து, அவரிடம் கேட்காமலே விண்ணப்பம் அனுப்பிவிட்டார். கேட்டால் என்ன பதில் வரும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாதா?

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு மைதானத்தில் தேர்வு நடந்தது. துணைக்குப் போன கந்தப்பன்தான் அதை எங்களுக்கு நடித்தே காட்டினார். தீவிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர். அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஜெஸ்னா என்ற பெண், இடுக்கி எஸ்டேட்டில் வளர்ந்தவள். வண்டியை முன்னால் விட்டு, பின்னால் எடுத்து, குறுகலில் திருப்பி எல்லாவற்றிலும் ரத்தினசாமிக்கு முழு மார்க். கடைசியில் ஒரு கேள்வி. "விபத்து நடந்துவிட்டது. முதலில் என்ன செய்வீர்கள்?"

"ஓடிருவேனுங்க" என்றார் ரத்தினசாமி. பொய் சொல்லத் தெரியாத வாய்.

வரிசையில் நின்ற மற்ற டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்டார். ஜெஸ்னா ஒரு கணம் ரத்தினசாமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, உதவிக்கு ஆள் கூட்டிவர ஓடுவேன் என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி எழுந்து கை கொடுத்தார்.

கைகுலுக்கல் முடிந்து வெளியே வந்ததும் ஜெஸ்னா பின்னாலேயே வந்தாள். "அண்ணே, ஒங்க மூஞ்சியப் பாத்துப் பாவமா இருந்துச்சு, அதான் மாத்திச் சொன்னேன். அங்கன போயி நெசமாவே ஓடிராதீங்க. நின்னா ஒண்ணும் செய்ய மாட்டாக. ஓடுனாத்தான் உள்ள வப்பாக. இன்னொண்ணு, ஓடுறதுக்கு அங்கன எடமும் கெடையாது."

இந்தக் கடைசி வாக்கியம் ரத்தினசாமியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மறுநாள் மாலை பொள்ளாச்சி ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாரு, அந்தத் தீவு எத்தன பெருசுன்னு போன்ல பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஏறக்குறைய எங்கள் பஸ் ஓடுகிற தூரம்தான்.

"அப்ப நம்ம ஒரு ட்ரிப்புத்தான் அவீங்க நாடே. செரி, அந்தக் கடைசி ஸ்டாப்புக்கு அக்கட்ட என்னங்க இருக்குது?"

"கடல்."

"இந்தக் கடைசியில?"

"அங்கேயும் கடல்தான்."

"நடுவுல எங்கயாச்சும் செக்போஸ்ட்டு, எல்லைன்னு ஒண்ணும் இல்லீங்களா?"

இல்லை என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்; பாதி சட்டையில் சிந்தியது. "நாக்பூர் வரைக்கும் லாரியில போயிருக்கறனுங்க. எங்க போனாலும் ஒரு தெகிரியம். இந்த ரோட்டப் புடிச்சே திரும்பி நடந்தா என்னைக்காவது ஒரு நா எங்கூடு வந்துரும்னு. அங்க எப்புடிங்க நடக்கறது?"

அதன்பிறகு அவருக்குத் தூக்கம் குறைந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்தது. அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் அனுப்புகிற வீடியோக்களைச் சிவசங்கரி விடாமல் போட்டுக் காட்டினார். நீலக் கடல், மஞ்சள் கட்டடம், கண் கூசும் வெயில், மணலில் வரிசையாகப் படுத்திருக்கும் வெள்ளைக்காரர்கள். "வெயில் காயறதுக்குன்னே ஏரோப்ளேன் புடிச்சு வர்றாங்களாமா. மொளகாயக் காயப்போட்டாப்பல கெடக்கறாங்க" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அதுல ஒருத்தரு எந்திரிச்சுக் குறுக்க வந்தா என்னங்க பண்றது?"

சிவசங்கரி லேசுப்பட்டவர் இல்லை. வீட்டுக்காரரின் நோய்க்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு தலையணையைக் கிடத்துவார். அதுதான் அடிபட்ட ஆள். ரத்தினசாமி அதன் பக்கத்தில் நிற்கவேண்டும். சிவசங்கரியும் இரண்டு பெண் குழந்தைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சுற்றி நின்று, "ஆருடா டிரைவரு? புடிடா, அடிடா" என்று கத்துவார்கள். அவர் நகராமல் நிற்கப் பழகவேண்டும். ஒரு தரம் நான் போயிருந்தபோது இந்தப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கு அவர் பாதம்தான் கண்ணில் பட்டது. குதிகால் தரையில் படவே இல்லை. சத்தம் ஏற ஏற, மேல் உடம்பு அங்கேயே இருக்க, கால் மட்டும் அங்குலம் அங்குலமாக வேலிப் படல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"நிக்கோணும்னுதாங்க நெனைக்கறேன்" என்றார் என்னைப் பார்த்து, குற்றவாளிபோல. "மனசு சொல்றத காலு கேக்க மாட்டீங்குது."

"ஏனுங்க, இந்தக் காலுதான பிரேக்க மிதிக்குது? அப்ப மட்டும் சொன்ன பேச்சுக் கேக்குதல்ல?" என்றார் சிவசங்கரி. கோபமாகச் சொன்னாலும் அந்த அம்மாள் முகத்திலும் பயம் இருந்தது. தனியாக என்னிடம், "இவருக்கு ஒரு கேசும் கெடையாதுங்க சார். போலீஸ் சர்ட்டிபிக்கெட்டு ஒண்ணுதான் பாக்கி. அது வந்துட்டா விசா. அதுவரைக்கும் அந்த முருகன்தான் வண்டிய ஓட்டோணும்" என்றார்.

போன வியாழக்கிழமை மாலை முருகன் ஒரு கணம் அசந்துவிட்டார்.

நாட்டுக்கல்லைத் தாண்டி கோபாலபுரத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். எல்லை பக்கம்தான். வலப்பக்கத் தோப்பிலிருந்து ஒரு மொபெட், பின்னால் ஆளுயரப் புல்லுக்கட்டைக் குறுக்காக வைத்துக்கொண்டு, மடமடவென்று ரோட்டில் ஏறியது. ஓட்டியவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. ரத்தினசாமி மிதித்த மிதியில் என் நெற்றி முன்கம்பியில் மோதியது. வண்டி நின்றுவிட்டது. ஆனால் நிற்கிற கடைசி நொடியில் புல்லுக்கட்டின் நுனி பம்பரில் பட்டுவிட்டது. மொபெட் சுழன்று விழுந்தது. வேட்டி கட்டிய ஒருவர் ரோட்டில் கிடந்தார். அவர் தலைக்கடியில் ரத்தம் பரவ ஆரம்பித்தது.

டிரைவர் கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை, எண்ணெய் போட்ட கதவல்லவா. நான் நிமிர்ந்தபோது சீட் காலியாக இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரத்தினசாமி ரோட்டோரத்தில், வாய்க்கால் விளிம்பில் நின்றிருந்தார். கந்தப்பன் பின்படியிலிருந்து குதித்து அவரிடம் ஓடினார்.

"சட்டையக் கழட்டு" என்றார். ரத்தினசாமி கழற்றினார். அவசரத்தில் ஒரு பொத்தான் தெறித்தது. கந்தப்பன் சட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "அப்பிடியே தோப்புக்குள்ள போயிரு. மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன், அவரு வேற ஆள நிறுத்தீருவாரு. உன்ற பேருல கேசு வுளுந்துச்சுன்னா சர்ட்டிபிக்கெட்டு வராது. மால்டாவ மறந்துர வேண்டியதுதான்."

"உசுரு இருக்குதாண்ணா?"

"அத நாங்க பாத்துக்கறம். நீ போ சாமி."

அவர் போனார். வாய்க்காலில் இறங்கி ஏறியதைப் பார்த்தேன். தென்னை மரங்களுக்கிடையில் வெள்ளைப் பனியன் கொஞ்சம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

நாங்கள் நாலைந்து பேர் இறங்கினோம். விழுந்தவருக்கு மூச்சு இருந்தது, கண் செருகியிருந்தது. ஒருவர் துண்டைக் கிழித்துத் தலையில் கட்டினார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அது தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் இருப்பது எந்த மாநிலம் என்று ஒரு பெண் குரல் கேட்டது. தினமும் இரண்டு வேளை போய்வருகிற ரோடு. ரோட்டோரப் பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று தேடினேன்.

அதற்குள் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கள்ளுக்கடையிலிருந்து சிலர், பக்கத்துக் களத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் சிலர். வேலையை அப்படியே விட்டு வந்ததால் இரண்டு பேர் கையில் அரிவாள் இருந்தது. அடிபட்டவர் அவர்களுக்கு வேண்டியவர். ஒருவன் கல்லை எடுத்து பஸ்ஸின் முன்விளக்கை உடைத்தான்.

"டிரைவர் எங்கடா?"

கந்தப்பன் கையிலிருந்த காக்கிச் சட்டையை ஒருவன் பார்த்துவிட்டான். "இது ஆரு சட்ட? அவன ஓடச் சொல்லிப்போட்டு நீ நிக்கறயா?" கேட்டு முடிப்பதற்குள் அறை விழுந்தது. கந்தப்பனின் தோள்பை கழன்று சில்லறை ரோடெல்லாம் சிதறியது. இன்னொருவன் அவர் காலரைப் பிடித்தான். வாய்க்கொழுப்புக்காரக் கந்தப்பன் அன்று வாயே திறக்கவில்லை. எங்களுக்கெல்லாம் தெரியும், நாங்கள் இப்படியே ஊமையாக நின்றால் ரத்தினசாமி தப்பிவிடுவார். சிவசங்கரி நினைத்தது நடந்துவிடும். கந்தப்பனுக்கு இன்னும் நாலு அடி விழும். அவ்வளவுதானே என்று என் புத்தி சொன்னது.

"கடைசியாக் கேக்கறேன். டிரைவர் ஆருடா?"

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில், பனியனும் முழங்கால்வரை சேறுமாக நின்றிருந்தார். எப்போது திரும்பி வந்தார் என்று தெரியாது. தோப்பு வேலைக்காரர்கள் நடுவில் அவரும் ஒரு தோப்பு வேலைக்காரர்போலத்தான் இருந்தார். பக்கத்தில் நின்றவன் அவரிடமே, "எந்தப் பக்கம் ஓடுனான்னு பாத்தீங்களா?" என்று கேட்டான். ரத்தினசாமி அவனைப் பார்த்தார், ரோட்டில் கிடந்தவரைப் பார்த்தார். பிறகு, வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பள்ளிக்கூடப் பையன் தூக்குவதுபோல, வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கினார். அது கீழே இறங்கப் பார்த்தது. இடக்கையால் அதன் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, மறுபடியும் தூக்கிக்கொண்டார்.